மழைக்காலக் கீரைகள்: உமரி, வள்ளை, தொய்யல், முடக்கத்தான் பறிப்பதிலிருந்து பரிமாறுவது வரை

ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று தரம் நன்றாக இறங்கிவிட்டால் கடலூர், புதுச்சேரிப் பக்கம் கீரைக் கூடையின் முகமே மாறிவிடும். அரைக்கீரையும் சிறுகீரையும் பாத்தியிலேயே அழுகி விலை ஏறும். யாரும் விதைக்காத கீரைகள் வேலியிலும் கொல்லையிலும் உப்பங்கழி ஓரத்திலும் தழைத்து நிற்கும். கார்த்திகை, மார்கழி வரை அவற்றின் காலம். தை வெயில் ஏறியதும் பூத்து, முற்றி, நார் விட்டுவிடும்.

இந்தக் கீரைகளை ஒருமுறை சமைத்துப் பார்த்து “வேண்டாம்” என்று விட்டவர்களைக் கேட்டால், பெரும்பாலும் எல்லாவற்றையும் அரைக்கீரை மாதிரியே கடைந்திருப்பார்கள். உமரிக்கு உப்பு, முடக்கத்தானுக்குக் கசப்பு, வள்ளைக்குச் சேறு, தொய்யலுக்கு மண், முசுமுசுக்கைக்குச் சுணை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முரண்டு உண்டு. அதை எந்தக் கட்டத்தில் எடுப்பது என்பதில்தான் பக்குவம் இருக்கிறது. தாளிப்பு, தேங்காய் எல்லாம் அப்புறம்.

வாங்கும்போதும் பறிக்கும்போதும்

புதுச்சேரி பெரிய மார்க்கெட்டானாலும் திருப்பாதிரிப்புலியூர், பண்ருட்டிச் சந்தைகளானாலும், நிலையான காய்கறிக் கடைகளில் இவற்றைத் தேடிப் பயனில்லை. ஓரமாகச் சாக்கு விரித்து, கூறு கட்டி உட்கார்ந்திருக்கும் பாட்டிமார்களிடம்தான் கிடைக்கும். விலையைக் கேட்பதற்கு முன் “ஆயா, இது எங்க பறிச்சது?” என்று கேளுங்கள். கொல்லை, ஏரிக்கரை, இன்ன ஊர் கழி என்று பளிச்சென்று பதில் வந்தால் வாங்கலாம். மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

நீங்களே பறிப்பதாக இருந்தால் ஒதுக்க வேண்டிய இடங்கள் சில. களைக்கொல்லி அடித்த வயல் வரப்பு முதலாவது. வரப்பில் மற்ற புல்லெல்லாம் நுனி கருகி மஞ்சளாக இருக்க, கீரை மட்டும் பச்சையாக இருந்தால் மருந்து அடித்துச் சில நாள்தான் ஆகியிருக்கும். பண்ருட்டி, விருத்தாசலம் பக்கத்து முந்திரித் தோப்புகளில் பூப்பருவத்தில் மருந்து தெளிப்பார்கள். அடிநிலத்துக் கீரையை உரிமையாளரைக் கேட்காமல் தொடக் கூடாது. ஆலைக் கழிவோ சாக்கடையோ கலக்கும் கால்வாய்க் கரையில் எதுவும் வேண்டாம். சேற்றில் வளரும் செடிகள் அதில் உள்ள உலோகங்களையும் சேர்த்தே உறிஞ்சும், எத்தனை தண்ணீரில் கழுவினாலும் அது போகாது. பிச்சாவரம் அலையாத்திக் காடு காப்புக்காடு, ஊசுடு ஏரி பறவைகள் சரணாலயம். உள்ளே போய்ப் பறிக்க அனுமதி இல்லை. வெளியே கிடைப்பதே போதுமான அளவு இருக்கும்.

பெருமழை விட்ட மறுநாள் பறிக்காமல் இன்னும் ஒரு நாள் பொறுங்கள். மழை அடித்த சேறு இலைக்கணுக்களில் அப்பியிருக்கும்; நனைந்த கீரை பையில் போட்ட இரண்டு மணி நேரத்தில் புழுங்கிவிடும்.

தெரியாத செடியைத் தெரிந்த கீரையோடு கலந்து பறிப்பதுதான் உண்மையான ஆபத்து. ஊமத்தையின் இளஞ்செடி கலவைக்கீரைக்குள் எளிதாகப் புகுந்துவிடும். ஆகவே கலவையாக வாங்கினாலும் வீட்டில் கொட்டி வகை வகையாகப் பிரித்துப் பாருங்கள். பெயர் சொல்லத் தெரியாத இலை ஒன்று இருந்தாலும் அது குப்பைக்குத்தான்.

உமரிக்கீரை

கடற்கரையோரத்துக் கீரை இது. கிள்ளை, பரங்கிப்பேட்டை, கடலூர் முதுநகர், அரியாங்குப்பம் பக்கத்துக் கழிமுகங்களில் உவர்ச்சேற்றில் அடர்ந்து கிடக்கும். இலை தட்டையாக இருக்காது. உருண்டு, சதைப்பற்றோடு, ஒரு விரற்கடைக்கும் குறைவான நீளத்தில் தண்டைச் சுற்றி நெருக்கமாக இருக்கும். ஒன்றைக் கிள்ளி நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். அடையாளம் சரிபார்க்க அதுவும் உதவும்.

மழைக்காலத்தில் நல்ல தண்ணீர் இறங்கிச் சேற்றின் உவர் குறைந்திருக்கும். அப்போது வரும் கொழுந்து பச்சையாகவும் மென்மையாகவும் இருக்கும். கோடையில் அதே செடி சிவந்து கிடக்கும். சிவந்தது உப்பு அதிகம், தண்டு விறகு. பச்சை நுனியில் நான்கு விரல் நீளம் மட்டும் கிள்ளிக்கொள்ளுங்கள்.

நான்கு பேருக்குத் தேவையானவை: கிள்ளிய உமரி 500 கிராம், பாசிப்பருப்பு 60 கிராம், சின்ன வெங்காயம் 15, பூண்டு 6 பல், காய்ந்த மிளகாய் 3, தேங்காய்த் துருவல் 4 மேசைக்கரண்டி, கடலை எண்ணெய் 2 மேசைக்கரண்டி, கடுகு, உளுத்தம்பருப்பு, கறிவேப்பிலை. உப்பு இந்தப் பட்டியலில் கிடையாது.

முதலில் கடினத் தண்டிலிருந்து இலைகளை உருவுங்கள். தண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு அங்கிருந்து கீழ்நோக்கி இழுத்தால் இலை மொத்தமாகக் கழன்று வரும். இளந்தண்டு ஒடிந்து சேர்ந்து வந்தால் பரவாயில்லை. அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு மூன்று தரம் அலசுங்கள்.

2 லிட்டர் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது கீரையைப் போட்டு, மூடாமல் 8 நிமிடம் வேகவிடுங்கள். தண்ணீரை முழுக்க வடித்துக் கொட்டிவிடுங்கள். “சத்து போகிறதே” என்று அந்தத் தண்ணீரை ரசத்துக்கு எடுத்து வைப்பவர்கள் உண்டு, அது தவறு. போக வேண்டிய உப்பும், சிறுநீரகக் கல்லுக்கு வழிவகுக்கும் ஆக்சலேட்டின் கரையும் பகுதியும் அதில்தான் இருக்கின்றன. மறுபடி ஒரு லிட்டர் கொதிநீரில் 5 நிமிடம். வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசி, இரண்டு கையாலும் உருண்டை பிடித்து அழுத்திப் பிழியுங்கள்.

இந்தப் பிழிதலில்தான் பலர் கோட்டை விடுவார்கள். பிழிவதற்கு முன் வாயில் போட்டுப் பார்த்து “சரியாக இருக்கிறது” என்று நேராகச் சட்டியில் கொட்டுவார்கள். இலைக்குள் நிற்கும் தண்ணீரிலும் உப்பு இருக்கிறது. அடுப்பில் தண்ணீர் வற்ற வற்ற உப்பு தங்கிவிடும், இறக்கும்போது வாயில் வைக்க முடியாது. பிழிந்த பிறகு சுவைத்துப் பாருங்கள். இன்னும் கரித்தால் புதுத் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவிட்டு மறுபடி பிழியுங்கள். நன்றாகப் பிழிந்த கீரை பார்வைக்கு மூன்றில் ஒரு பங்காகிவிடும்.

பருப்பை உப்பில்லாமல் நசுங்கும் பதத்துக்கு வேகவைத்து நீரை வடித்துக்கொள்ளுங்கள். குழைந்துவிட்டால் பொரியல் களியாகிவிடும். எண்ணெயில் கடுகு, உளுந்து, மிளகாய் தாளித்து, தட்டிய பூண்டு, நறுக்கிய வெங்காயம் போட்டு வதக்குங்கள். வெங்காயம் கண்ணாடிபோல் ஆனதும் கீரையை உதிர்த்துப் போட்டு நடுத்தரத் தீயில் 4 நிமிடம். பருப்பு, தேங்காய் சேர்த்து ஒரு பிரட்டு. இப்போதும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் தேங்காயைக் கூட்டுங்கள். எலுமிச்சை பிழிவது உப்பை மறைக்காது, இன்னும் எடுத்துக்காட்டும்.

மீனவர் வீடுகளில் பருப்புக்குப் பதில் இறால் சேரும். உரித்த பொடி இறால் 150 கிராம், மஞ்சள்தூளோடு வெங்காயத்துடன் வதங்கி, சுருண்டு நிறம் மாறியதும் கீரை. சென்னாக்குன்னி (காய்ந்த மிகச் சின்ன இறால்) என்றால் ஒரு கைப்பிடி போதும். வெறும் சட்டியில் வறுத்து, முறத்தில் புடைத்து, பிறகு தண்ணீரில் அலசி அடியில் தங்கும் மணலை விட்டுவிட வேண்டும். கருவாட்டை மட்டும் உமரியோடு சேர்க்காதீர்கள், இரண்டு உப்பும் கூடி சோறு செல்லாது.

இரத்த அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவர்களும், சிறுநீரகக் கல்லோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களும் எத்தனை தண்ணீர் மாற்றினாலும் உமரியைத் தவிர்ப்பதே நல்லது.

வள்ளைக்கீரையும் அதன் ஆபத்தான உறவும்

பாகூர் ஏரிக்கரை, வீராணம் பாசன வாய்க்கால்கள், கிராமத்துக் குட்டைகள் என்று தண்ணீர் நிற்கும் இடமெல்லாம் வள்ளை படரும். அதே கரையில் நெய்வேலிக் காட்டாமணக்கும் நிற்கும். இரண்டும் ஒரே இனத்துச் செடிகள், பூவும் ஏறக்குறைய ஒரே இளஞ்சிவப்புப் புனல். காட்டாமணக்கு நஞ்சு, ஆடுமாடு தொடர்ந்து மேய்ந்தால் நரம்பு தளர்ந்து தள்ளாடும். எனவே பூவைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. நிற்கும் விதத்தைப் பாருங்கள். வள்ளை தரையிலோ தண்ணீர் மேலோ படர்ந்து கிடக்கும், கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும், இலை அம்பு முனைபோல் கூராக இருக்கும். காட்டாமணக்கு விறைப்பான தண்டோடு ஆள் உயரப் புதராக நிமிர்ந்து நிற்கும், இலை நீண்ட இதய வடிவில் பெரியதாக இருக்கும். சந்தேகம் வந்தால் சந்தையில் வாங்குவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வள்ளையின் தண்டு உள்ளே குழாய். விரலால் வளைத்தால் டப்பென்று ஒடிய வேண்டும், வளைந்து நார் தெரிந்தால் முற்றல். 3 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு, அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூள் கலந்து 10 நிமிடம் மூழ்க வையுங்கள். அட்டையும் பூச்சியும் கழன்று கீழே போகும். பிறகு தண்டை நீளவாக்கில் பிளந்து உள்பக்கத்தையும் கழுவ வேண்டும், சேறு ஒளிந்திருப்பது அங்கேதான். பச்சையாகச் சாப்பிடக் கூடாது. குட்டைத் தண்ணீரில் வளரும் செடிகளில் குடற்புழுக்களின் முட்டைகளும் ஒட்டியிருக்கும், கொதிச்சூடு பட்டால்தான் அழியும்.

சமையல் சுலபம், நேரம்தான் முக்கியம். 300 கிராம் கீரைக்குப் பத்துப் பல் பூண்டு, நான்கு காய்ந்த மிளகாய், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம். எண்ணெயில் இவை வதங்கியதும் நறுக்கிய தண்டை மட்டும் போட்டு, பெரிய தீயில் 3 நிமிடம். அப்புறம் இலை, உப்பு, இரண்டே நிமிடம். மூடி போட்டு வேகவைத்தால் கறுத்துக் கொழகொழத்துவிடும். பறித்த அன்றே ஆக வேண்டும், மறுநாளுக்குத் தாங்காது.

வரப்புச் சேற்றில் நாலிலை விரித்து நிற்கும் ஆரைக்கீரையும் இதே காலத்தில் வரும். ஆரை வகைகளில் தயமின் என்ற பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி உண்டு. அதனால் துவையலுக்குப் பச்சையாக அரைக்காமல், நன்றாக வேகவைத்துப் பருப்போடு கூட்டாக, எப்போதாவது சாப்பிடுங்கள். மூன்றிலையோடு புளிப்பது புளியாரை, அது வேறு செடி.

கொல்லைக் கீரைக் கடைசல்: தொய்யல், பண்ணை, குமட்டி

பண்ருட்டிச் செம்மண் கொல்லைகளில் கடலை, கம்பு ஊடே களையாக வருபவை இவை. தொய்யலின் தண்டு மெல்லியது, சற்றே செம்மை ஓடும், இலை கூர்முனை. பண்ணைக்கீரையை வெள்ளையும் இளஞ்சிவப்புமான கதிர் வைக்கும் முன் பறிக்க வேண்டும், கதிர் வந்தபின் இலை சப்பென்றாகி நார் தட்டும். தனித்தனியாகவும் சமைக்கலாம். ஆனால் தொய்யல் இரண்டு பங்கு, பண்ணை ஒரு பங்கு, குமட்டிக்கீரை (குமட்டிக்காய்க் கொடி அல்ல) ஒரு பங்கு என்று கலந்தால் கடைசலுக்கு வழவழப்பும் திடமும் சேர்ந்து வரும்.

மண்தான் இங்கே பகை. கழுவும் பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தால் அடியில் படிந்த செம்மண் மறுபடி கீரை மேலேயே வந்து உட்காரும். கீரையைக் கையால் அள்ளி வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு, தண்ணீரைக் கொட்டுங்கள். அடியில் விரல் வைத்துத் தடவினால் நெருடாத வரை, நான்கைந்து தரம். நறுக்கிவிட்டுக் கழுவக் கூடாது.

கழுவிய கீரை 400 கிராமுக்குத் துவரம்பருப்பு 4 மேசைக்கரண்டி, சின்ன வெங்காயம் 10, பச்சை மிளகாய் 4, பூண்டு 6 பல், சிறு நெல்லிக்காய் அளவு புளி. மண்சட்டியில் அரை டம்ளர் தண்ணீர், மிளகாய், பூண்டு, வெங்காயம் கொதித்ததும் பண்ணைக்கீரை முதலில் போகும், அதற்குத்தான் வேக்காடு அதிகம். 3 நிமிடம் கழித்து மற்றவை. சட்டியை மூடாதீர்கள். கீரையிலிருந்து வரும் அமிலம் ஆவியோடு வெளியேறினால்தான் பச்சை நிற்கும். புளியைத் தொடக்கத்திலேயே ஊற்றினாலும் இதே கதி: நிறம் பழுப்பாகும், கீரையும் வேக மறுக்கும். கீரை முழுக்க வெந்து, தனியாக வேகவைத்த பருப்பும் சேர்ந்தபிறகு புளிக்கரைசல் விட்டு 2 நிமிடம் கொதித்தால் போதும். உப்பு கடைசியில், சட்டி நிறையத் தெரிந்த கீரை கால்பங்காகச் சுருங்குவதால், முதலில் போடும் கை தப்பிவிடும்.

சூட்டோடு மத்தால் கடையுங்கள். மிக்ஸி போட்டால் கூழாகிவிடும், கடைசலில் இலைத்துணுக்கு பல்லில் படவேண்டும். தண்ணீர் மிஞ்சியிருந்தால் கடைவதற்கு முன் வடித்து வைத்துக்கொண்டு, பதம் பார்த்துத் திரும்ப விடலாம்.

தாளிக்கத் தாளிப்பு வடகம்தான். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, வெந்தயம், சீரகம், உளுந்து எல்லாம் விளக்கெண்ணெய் பூசி சித்திரை வெயிலில் காய்ந்த அந்த உருண்டை இல்லாமல் இந்தப் பக்கத்துக் கடைசல் முழுமையாகாது. (பிரெஞ்சு சமையல்காரர்கள் வடுவான் என்று கொண்டாடுவது புதுச்சேரியிலிருந்து போன இதே சரக்கைத்தான்.) நெல்லிக்காய் அளவு வடகத்தை உதிர்த்து, எண்ணெய் இளஞ்சூடாக இருக்கும்போதே போட்டுச் சிறுதீயில் பொரியவிடுங்கள். காய்ந்த எண்ணெயில் போட்டால் வெந்தயம் நொடியில் கருகி மொத்தச் சட்டியும் கசக்கும்.

முடக்கத்தான் தோசை

வேலியெங்கும் ஏறி, காற்றடைத்த மூன்று மூலைக் காய்களைத் தொங்கவிடும் கொடி. காயையும் உள்ளே இருக்கும் கறுப்பு விதையையும் கிள்ளி எறிந்துவிட்டு, இலையும் இளங்காம்பும் மட்டும் எடுக்க வேண்டும்.

இட்லி அரிசி 2 டம்ளர், உளுந்து கால் டம்ளர், வெந்தயம் ஒரு தேக்கரண்டி, அழுத்தி அளந்த இலை 2 டம்ளர். அரிசியும் உளுந்தும் 4 மணி நேரம் ஊறட்டும். உளுந்து, வெந்தயத்தைத் தனியாகப் பொங்க அரைத்து எடுங்கள். அரிசி முக்கால்வாசி மசிந்ததும் இலையைப் போட்டு, திப்பி தெரியாமல் அரைத்து, உளுந்து மாவோடு உப்பு போட்டுக் கையால் கலக்குங்கள்.

கசப்பை இங்கே புளிப்புதான் சமாளிக்கிறது. அரைத்த உடனே வார்த்தால் குழந்தைகள் ஒரு வாயோடு தட்டைத் தள்ளிவிடும். வெயில் காலத்தில் 8 மணி நேரம் போதும். மார்கழிக் குளிரில் மாவு பொங்க 12 மணி நேரம்கூட ஆகும். மேலே நுரைத்து, பச்சை வாடை போய்ப் புளிப்பு வாடை வந்தால் பதம். முதல்முறை செய்பவர்கள் இலையை ஒரு டம்ளராகக் குறைத்துக்கொள்ளலாம்.

கல் நன்றாகக் காயவேண்டும், ஆனால் வார்த்தபின் தீ குறைவு. இலைமாவு சாதாரண மாவைவிட ஈரம் பிடித்தது, பெருந்தீயில் வெளியே சிவந்து உள்ளே பச்சையாக நிற்கும். சற்றுத் தடிமனாக வார்த்து, நல்லெண்ணெய் விட்டு இரண்டு பக்கமும் வேகவிடுங்கள். பூண்டு மிளகாய்த் துவையலோ வெல்லமோ தோதாக இருக்கும், தேங்காய்ச் சட்னி கசப்பை இன்னும் எடுத்துக்கொடுக்கும். பழக்கமில்லாத வயிற்றுக்கு முதல்நாள் இரண்டு தோசை போதும், மீறினால் வயிறு இளகும்.

இன்னும் மூன்று

முசுமுசுக்கை: சுணை நிறைந்த இலை. முழு இலையாக வதக்கினால் தொண்டையில் உறுத்தும், ஆகவே எப்போதும் அரைத்துத்தான். இட்லி அரிசி ஒரு டம்ளர், துவரை, கடலை, உளுந்து கலந்து அரை டம்ளர், காய்ந்த மிளகாய் 3, மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் அரை. இலை ஒரு டம்ளரை மிளகோடு முதலில் விழுதாக அரைத்துவிட்டு, ஊறிய அரிசி பருப்பைப் பிறகு போட்டுக் கொரகொரப்பாக அரைத்தால் அடைக்குச் சரியாக இருக்கும். இதற்குப் புளிக்க வேண்டியதில்லை.

தகரை: முதல் மழைக்கு முளைத்து, ஒரு சாண் உயரம் தாண்டாத செடியின் கொழுந்து மட்டும். வளர்ந்தது நாறும், பேதியாகும். இலைக்காம்பில் மூன்று ஜோடிச் சிற்றிலைகள், நுனி வட்டமாக இருக்கவேண்டும். நான்கைந்து ஜோடியும் கூர்நுனியும் என்றால் அது பேயாவரை. அதன் விதை ஈரலைக் கெடுக்கும், ஒதுக்கிவிடுங்கள். தகரையை ஒரு கொதி விட்டு நீரை வடித்த பிறகே பொரியல் செய்ய வேண்டும்.

புளியங்கொழுந்து மழைக்காலத்தது அல்ல. பங்குனி, சித்திரையில் மரம் தளிர்க்கும்போது பத்துப் பதினைந்து நாள்தான் கிடைக்கும். இளஞ்சிவப்பு மாறாத தளிராகப் பார்த்து இரண்டு கைப்பிடி எடுத்து, காம்பை உருவிவிட்டு, 100 கிராம் வெந்த துவரம்பருப்பில் போட்டு 5 நிமிடம். புளி, தக்காளி எதுவும் வேண்டாம். அலுமினியச் சட்டியில் வைக்காதீர்கள், புளிப்பு உலோகத்தை அரிக்கும். பொடி இறாலோடு சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும், அப்போது பச்சை மிளகாய் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள்.

வைப்பதும் மிஞ்சுவதும்

உமரி சதைப்பற்றானது, கழுவாமல் துணிப்பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். தொய்யல் வகைகளை ஈரமில்லாமல் செய்தித்தாளில் சுற்றினால் ஒரு நாள். முடக்கத்தானை இலையாக வைப்பதைவிட மாவாக வைப்பதே மேல், நான்கு நாள் வரை நிற்கும், கசப்பும் இன்னும் இறங்கும்.

சமைத்த கீரையை மதியத்திலிருந்து இரவு வரை வெளியே வைத்துச் சுடவைத்துச் சாப்பிட வேண்டாம். கீரையில் இயல்பாக உள்ள நைட்ரேட்டைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், சின்னக் குழந்தைகளுக்கு அது ஆகாது. இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மழைக்காலம் வந்ததென்று திடீரெனத் தினமும் கீரை சாப்பிடத் தொடங்கக் கூடாது. கீரையின் வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். வழக்கமான அளவைக் கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.